அணு மின் நிலையங்களில் தவறான பராமரிப்பால் கருவிகள் பழுதாவதற்குக் கீழ்மட்டத் தொழிலாளர்களின் அலட்சியம்தானே காரணம்?

இல்லை.

முடிவு செய்துவிட்டுக் கேட்ட கேள்வி மாதிரி இருக்கிறது. நீங்கள் பொறியியல் படிக்கிறவராகவோ, ஏதாவது ஆலையில் புதிதாக மேற்பார்வைக்கு வந்தவராகவோ இருக்கலாம். உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனசு புண்ணாகிப் போனவன் நான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

சேலம் சூரமங்கலத்தில் பிரேக்கர், அதாவது மின்சாரத்தைத் தானாக வெட்டும் பெரிய சுவிட்ச், சர்வீஸ் செய்கிறேன். ஐடிஐ எலக்ட்ரீஷியன். நூற்பாலை, சேகோ ஆலை, ஏற்காட்டில் சில காப்பி எஸ்டேட் என்று போய் வருவேன். அணு உலைக்குள் கால் வைத்ததில்லை. "மில்லுல ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு அணு உலையைப் பத்தி என்ன தெரியும்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். கதிரியக்கம் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. பிரேக்கர் பற்றி மட்டும் பேசுகிறேன், அது என் தொழில்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் சம்பவம் 1983 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்தது. அந்த நிலையத்தின் பெயரும் சேலம்தான். எங்கள் ஊர்ப் பெயரைத் தேடும்போதுதான் என் கண்ணில் பட்டது. அங்கே உலையை அணைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை மின்சாரம் மேலே பிடித்து வைத்திருக்கும். அதை வெட்டினால் தண்டுகள் தம் எடையிலேயே உள்ளே விழும். வெட்டுவதற்கு வரிசையாக இரண்டு பிரேக்கர், ஒன்று திறந்தாலே போதும். 25-ஆம் தேதி நீராவி ஜெனரேட்டரில் நீர்மட்டம் குறைந்து, உலையை நிறுத்தச் சொல்லித் தானியங்கி சிக்னல் வந்தது. இரண்டு பிரேக்கரும் அசையவில்லை. சுமார் அரை நிமிடத்தில் ஆபரேட்டர் கையால் டிரிப் (நிறுத்தும் கட்டளை) கொடுத்தார், உலை நின்றது. சேதம் இல்லை. பிறகு விசாரித்தபோதுதான் 22-ஆம் தேதியும் இதே கோளாறு வந்திருந்தது தெரிந்தது. அன்றைக்கு ஏறக்குறைய அதே நேரத்தில் கையாலும் டிரிப் கொடுத்திருந்ததால் உலை தானாக நின்றது என்றே நினைத்துவிட்டார்கள். அதே பிரேக்கர்களை வைத்து மறுபடி ஓட்டியும் இருக்கிறார்கள்.

பிரேக்கர் ஏன் விழவில்லை, அதாவது ஏன் திறந்து மின்சாரத்தை வெட்டவில்லை? தானியங்கி சிக்னல் செய்வது, யுவி (அண்டர் வோல்டேஜ்) காயிலுக்குப் போகும் சப்ளையை எடுப்பது. சப்ளை போனதும் காயில் பிடியை விடும், ஸ்பிரிங் லிவரைத் தள்ளும், பிரேக்கர் விழும். கையால் கொடுக்கும் டிரிப் ஷண்ட் காயிலுக்கும் போகும், அது சப்ளை கொடுத்தால் பிரேக்கரைத் தட்டிவிடும் காயில். அது தனி வழி, பலமாகவும் அடிக்கும். யுவி பாகம் ஒட்டிக்கொண்டு நின்றது, ஷண்ட் காப்பாற்றியது. அந்த பாகத்துக்கு எந்த மசகு, எப்படிப் போட வேண்டும் என்று தயாரித்த நிறுவனம் 1970-களிலேயே எழுதி அனுப்பியிருந்தது. அது நிலையத்தின் வேலைமுறைத் தாளில் ஏறவே இல்லை. சர்வீஸில் அடித்தது தயாரிப்பாளர் சொல்லாத ஸ்ப்ரே. சர்வீஸ் செய்தவர் சும்மா உட்காரவில்லை, கையில் கொடுத்ததை வைத்து வேலை செய்தார். அந்தக் கடிதம்தான் அவர் கைக்கு வரவில்லை. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 8,50,000 டாலர் அபராதம் விதித்ததும் நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குத்தான்.

இதே கோளாறை எங்கள் பக்கத்து நூற்பாலை ஒன்றில் என் கண்ணால் பார்த்தேன். இபி கரண்ட் போனால் அங்கே மெயின் இன்கமர் ஏசிபி (வெளி கரண்ட் உள்ளே வரும் இடத்துப் பெரிய பிரேக்கர்) யுவியில் தானாக விழ வேண்டும். விழாமல், இபி கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் சேராமல் தடுக்கும் இன்டர்லாக்கும் சரியில்லாமல் போனால் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனில் ஏறிவிடும். வெளியே கம்பத்தில் லைன்மேன் இருப்பார். வருட சர்வீஸுக்குப் போனவன் யுவி சப்ளையை எடுத்துப் பார்த்தேன். பிரேக்கர் அப்படியே நின்றது. கையால் டிரிப் கொடுக்கும் சிவப்பு பட்டனை அமுக்கினேன், டப்பென்று விழுந்தது. கவரைக் கழற்றினால் லிங்க் முழுக்கப் பழுப்பாக ஒரு பிசுக்கு, அதன் மேல் பஞ்சு. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடித்திருக்கிறார்கள். அது காய்ந்து, மில்லில் பறக்கிற பஞ்சை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் வந்தார். "பட்டன் அடிச்சா விழுதில்ல? அப்புறம் என்னப்பா, ஓகேன்னு எழுதிக் கொடு."

"சார், ராத்திரி ரெண்டு மணிக்கு இபி போச்சுன்னா யார் சார் பேனல் முன்னாடி நிப்பாங்க?"

அவர் என்னை விட்டுவிட்டு, ஓரமாக நின்ற, மில்லில் பராமரிப்பு பார்க்கும் ஓமலூர் பையன் பக்கம் திரும்பினார். "எல்லாம் இவன் வேலை. கண்ட எண்ணெயையும் அடிச்சு வெச்சிருக்கான்." பையன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, ஸ்டோர்ல கேட்டேன், இந்த டப்பாவைத்தான் கொடுத்தாங்க."

பிரேக்கர் மேனுவல் எங்கே என்று கேட்டேன். மேனேஜர் ரூம் பீரோவில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. அந்த பாகத்துக்கு எண்ணெய் போடக் கூடாது என்று தெளிவாக அச்சடித்திருந்ததை அவர் முன்னாலேயே படித்துக் காட்டினேன். அந்தப் பையனுக்கு அந்தப் பக்கத்தை யார் காட்டினார்கள்? யாரும் இல்லை. ரிப்போர்ட்டில் "யுவி வேலை செய்யவில்லை, பாகம் மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் அந்த ஒப்பந்தம் என்னைவிடக் குறைவாகக் கேட்டவருக்குப் போனது. பையனுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், அவனும் வேலையை விட்டுவிட்டான். இன்றைக்கும் அந்த ரிப்போர்ட்டின் நகலை நான் வைத்திருக்கிறேன்.

எல்லாத் தொழிலாளியும் உத்தமன் என்று நான் சொல்லவில்லை. சோம்பேறிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜப்பானில் 2004 ஆகஸ்ட் 9 அன்று மிஹாமா அணு மின் நிலையத்தில் குழாய் வெடித்து ஐந்து பேர் இறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர் தடிமனாக இருந்த குழாய் 1.4 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தது. 1976-ல் ஓடத் தொடங்கிய உலை, அந்த இடம் சோதனைப் பட்டியலிலேயே விடுபட்டிருந்தது. பட்டியல் போட்டது ஃபிட்டர் இல்லை. செத்தவர்கள் அங்கே பராமரிப்பு ஆயத்த வேலைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். என் அக்கா மகன் இதே தொழில். நல்ல கைவேலை, கெட்ட பழக்கம் கிடையாது. பெண் பார்க்கப் போன வீட்டில் "ஐடிஐ தானா?" என்று கேட்டுவிட்டு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வீட்டு இன்வெர்ட்டர் கோளாறாகி அடுத்த மாதம் அவனுக்குத்தான் போன் வந்தது. அவனும் போய்ச் செய்து கொடுத்துவிட்டு வந்தான். எனக்குத்தான் ஆறவில்லை.

1983-க்குப் பிறகு அமெரிக்காவில் அந்த வகை நிலையங்களில் தானியங்கி சிக்னலை ஷண்ட் காயிலுக்கும் சேர்த்துக் கொடுக்க வைத்தார்கள். யுவியையும் ஷண்ட்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொன்னார்கள். தயாரிப்பாளர் அனுப்பும் அறிவுரைகள் வேலைத்தாள் வரை வந்து சேர்கிறதா என்று பார்க்க வைத்தார்கள். நான் சர்வீஸ் செய்யும் பேனல்களில், எந்த இடத்துக்கு எந்த கிரீஸ், எங்கே எதுவுமே கூடாது என்று தமிழில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன். உங்கள் ஆலையில் ஏசிபி இருந்தால், சிவப்பு பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு ஓகே போடாதீர்கள். லோடு இல்லாத நேரத்தில், பெர்மிட் வாங்கிக்கொண்டு, யுவி சப்ளையை மட்டும் எடுத்துப் பாருங்கள். விழவில்லை என்றால் பையனைக் கூப்பிடும் முன் ஸ்டோரில் என்ன டப்பா இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.