ஜாடியில் வைத்த பாலைவனப் பல்லி ஏன் வெளுக்கிறது, ஏன் அழுகுகிறது?

இரண்டு கேள்விக்கும் இரண்டு காரணம். சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து ஜாடிகளில் பார்க்கும் வெளிறிய நிறம், உடலை ஊறவைத்திருக்கும் ஆல்கஹாலான எத்தனாலின் வேலை: மஞ்சள், சிவப்பு நிறமிகள் அதில் கரைந்துவிடும். பச்சைப் பாம்பு நீலமாக மாறுவதும் இதனால்தான். ஆகவே உயிருள்ள நிறத்தை முதலிலேயே படம் எடுத்துவிட வேண்டும்.

அழுகல் உள்ளிருந்து வருவது. தார் பாலைவனத்து முள்வால் பல்லி இலைதழை தின்னும். வயிறு நிறையப் புளிக்கும் தழை, மேலே தடித்த செதில் தோல். வெறுமனே ஊறப்போட்டால், திசுவை அழுகாமல் இறுக்கும் ஃபார்மலின் என்ற திரவம் உள்ளே போகாது. கடையில் வாங்கும் ஃபார்மலின் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து வயிற்றிலும் தொடையிலும் கொழுப்பேறிய வால் அடியிலும் ஊசியால் ஏற்ற வேண்டும். டிஎன்ஏவுக்கான ஈரல் துண்டை அதற்கு முன்பே எடுத்து 95% எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் பட்டால் டிஎன்ஏ சிதையும். சுமார் ஒரு வாரம் கழித்துத் தண்ணீரில் நன்கு அலசி, படிப்படியாக 70% எத்தனாலுக்கு மாற்றலாம்.

பின்னங்காலில் கட்டும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்துவிடும். பல்லியைப் பிடித்த இடமும் தேதியும் அழிந்துபோன உடல் அறிவியலுக்கு அநேகமாகப் பயன்படாது.