ஊரில் ஒரு வீடு வாங்கிப் போடலாமா?

கேள்வி: 19 வருடங்களாக வெளிநாட்டில் இருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வழியே தெரிவதில்லை. நான் நீந்திய குளம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. இருந்தாலும் அங்கே ஒரு வீடு வாங்கிப் போட மனசு அடித்துக்கொள்கிறது. மனைவி வேண்டாம் என்கிறார். பிள்ளைகளுக்கு அந்த ஊரே தெரியாது. என்ன செய்ய?

பதில்: நீங்கள் கேட்டது வீட்டைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்தது அந்தக் குளம்தான்.

திரும்பிப் போகத் தோன்றுவது இயல்பு. இடப்பெயர்வின் விதிகளை 1885-இல் எழுதிய புவியியலாளர் ராவென்ஸ்டைன், மக்கள் இடம்பெயரும் ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்று அப்போதே சொன்னார். ஆனால் திரும்பிப் போவது வேறு, வீடு வாங்கிப் பூட்டி வைப்பது வேறு.

மனம் கோணாமல் கேளுங்கள். அந்த அடுக்குமாடி எழுந்ததில், வெளியே போனவர்கள் அனுப்பும் பணத்துக்கும் பங்கு இருக்கலாம். அந்தப் பணத்தோடு உள்ளூர்ச் சம்பளம் போட்டிபோட முடியாது. நிலத்தின் விலை ஏறும். அங்கேயே வேலை பார்ப்பவர் வாடகை கட்ட முடியாமல் ஊர் ஓரத்துக்குப் போவார். மண்ணை சிமென்ட் மூடிவிட்டால் மழைநீர் கீழே இறங்காது. அப்புறம் மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம் நிற்கும், கோடையில் கிணறு வற்றும். ஆள் குடியிருக்க ஒரு வீடு என்றால் சரி. யாரும் இல்லாமல் கிடக்க இன்னொன்று எதற்கு?

என் உறவினர் ஒருவர் இப்படி 11 வருடம் ஒரு வீட்டைப் பூட்டி வைத்திருந்தார். சாவி பக்கத்து வீட்டில். ஒருமுறை வந்து திறந்தபோது சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது, குழாயில் துருத்தண்ணீர். அலமாரியில் மடித்து வைத்த படுக்கை விரிப்பை உதறினார், மடிப்போடு கிழிந்தது. அந்த விடுமுறையில் பாதி நாள் கழுவித் துடைப்பதிலேயே போய்விட்டது.

அதனால் வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், விருந்தாளியாக இல்லாமல் குடித்தனக்காரராக. நெரிசல் நேரத்தில் பயணம் செய்யுங்கள், மருத்துவமனை வரிசையில் நில்லுங்கள். மனைவியும் சில வாரமாவது கூட இருக்கட்டும். அவர் வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதை உட்கார்ந்து கேளுங்கள். இதற்குப் பிறகும் இருவருக்கும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். குடிபோகும் வரை யாருக்காவது வாடகைக்குக் கொடுங்கள்.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒருநாள் அந்த அடுக்குமாடிப் பக்கம் கூட்டிப் போய், எது வரைக்கும் தண்ணீர் நின்றது, எந்தக் கரையிலிருந்து குதித்தீர்கள் என்று காட்டுங்கள்.