குப்பைமேனியும் பார்த்தீனியமும்

அன்புள்ள ஐயா,

புது வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பின்பக்கம் மூன்று சென்ட் காலி இடம். ஐப்பசி மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்குச் செடி மண்டிவிட்டது. குப்பைமேனி, கீழாநெல்லி தெரிகிறது. மற்றவை தெரியவில்லை. சுவரோரம் ஓர் எருக்கும் நிற்கிறது. பாம்பு வரும், களைக்கொல்லி அடித்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. எதை விடுவது, எதை எடுப்பது?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

மருந்து வேண்டாம். அது ஆள் பார்த்துக் கொல்லாது. தரை மொட்டையானால் அடுத்த மழைக்கு முதலில் வந்து உட்காருவது பார்த்தீனியம்தான்.

எடுக்க வேண்டியதில் முதலாவதும் அதுவே. இலை கேரட் இலைபோலக் கிழிந்து கிழிந்து இருக்கும். பூ பொடிப்பொடியாக வெள்ளை. தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் அதனால் வரும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். பெயர் தெரியாத எந்தச் செடியையும் பூக்கும்வரை விட்டுப் பார்க்கச் சொல்வேன். இதற்கு மட்டும் அது பொருந்தாது. பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள். கோரை இருந்தால் கிழங்கோடு தோண்ட வேண்டும். மேலே அறுத்தால் மறுபடி வரும்.

அயல்நாட்டுச் செடி என்பதற்காக எதையும் பிடுங்காதீர்கள். வெட்டுக்காயப் பூண்டும் பார்த்தீனியம் மாதிரி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் வருடம் முழுக்கப் பூக்கிறது, தேனீயும் சின்னப் பட்டாம்பூச்சிகளும் அதை நம்பி வருகின்றன. இருக்கட்டும். குப்பைமேனியும் இருக்கட்டும். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து புரளும். பூனைவணங்கி என்ற பெயரே அதனால்தான்.

பாம்பு பயம் நியாயமானது. வீட்டுச் சுவரை ஒட்டி நாலடியும் நடைபாதையும் எப்போதும் அறுத்துத் தரை தெரியும்படி வைத்திருங்கள். கல், விறகுக் குவியல் வேண்டாம்.

அப்புறம் அந்த எருக்கு. நானும் ஒருமுறை வெட்டியிருக்கிறேன். வெட்டிப் போட்ட கிளையில் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட புழுக்கள் நாலைந்து. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள். எருக்கும் அதன் இனச் செடிகளும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் எடுத்துவிடுங்கள், தப்பில்லை. இல்லையென்றால் கணவரையும் கூட்டிக்கொண்டு போய் அதன் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வெந்தய வரியன் இலையின் அடியில்தான் முட்டை வைக்கும்.