ஓராண்டில் பன்னிரண்டு மலை உச்சிகள் ஏறத் திட்டமிட்டிருக்கிறேன். உடலளவிலும் மனத்தளவிலும் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில் குடியிருக்கும் நான் மலையேறத் தொடங்கியது நாற்பத்திரண்டாம் வயதில், கீழக்குயில்குடிச் சமணர் மலையில். அதன் பிறகு பதினோரு ஆண்டுகளில் யானைமலை, சிறுமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி, மீசப்புலிமலை என்று போய்வந்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்குவதை எண்ணித்தான் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் உடலையும் மனத்தையும் ஒருசேரப் படுத்துவது இறக்கமே.

மூச்சு இரைத்தால் சற்று நின்றுகொள்ளலாம், சில நிமிடங்களில் அடங்கிவிடும். இறங்கும்போதோ தொடையின் முன்பக்கத் தசை, தான் நீண்டுகொண்டிருக்கும்போதே உடல் எடை முழுவதையும் ஒவ்வோர் அடியிலும் தடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படி உழைக்கும் தசையில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளின் வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்துக்கு வரும். முதன்முறை வெள்ளியங்கிரி போய்வந்த மூன்றாம் நாள், கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வீட்டு மாடிப்படியில் பின்புறமாக இறங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கீழ்வீட்டு அம்மா, "என்ன தம்பி, வேண்டுதலா?" என்று கேட்டார். ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்திருந்த இரண்டு பெருவிரல் நகங்களும் அடுத்த மாதம் விழுந்தன. அதன்பின் அரை அளவு பெரிய ஷூ வாங்கியதோடு, சமணர் மலைப் படிகளில் வாரம் இருமுறை ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதையே பயிற்சியாக வைத்துக்கொண்டேன்.

உயரத்தால் வரும் தலைசுற்றலும் குமட்டலும் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால், 2,640 மீட்டர் உயரமுள்ள மீசப்புலிமலை போன்ற சிலவற்றைத் தவிர நம் பக்கத்து மலைகளில் அது பெரிய கவலை இல்லை. வெயில்தான் கவலை. யானைமலைப் பாறை காலை ஒன்பது மணிக்கே உள்ளங்கையைச் சுடும். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலியும் வாந்தியும் வரும். அதைத் தண்ணீர் போதாமை என்று நினைத்து மேலும் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என் பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், புளிச்சோற்றோடு உப்பு நார்த்தங்காயும் எப்போதும் இருக்கும்.

மனம் தளரும் இடம் நாம் எதிர்பார்க்கும் இடமாக இருப்பதில்லை. வெள்ளியங்கிரியில் ஆறு மலைகளைக் கடந்தபின், அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தைக் கைவிட்டு ஆண்டி சுனைக்கு இறங்கி, அங்கிருந்து செங்குத்தான ஏழாவது மலையை நிமிர்ந்து பார்க்க வேண்டும். கால்களில் வலு மிச்சமிருந்தும் நான் அங்கே மூங்கில் தடியை ஊன்றியபடி கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இரவில் ஏறியவர்கள் அந்த இடத்தைச் சிரமமின்றிக் கடந்ததாகச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. மறுமுறை டார்ச் வெளிச்சத்தில் அடுத்த நான்கு படிகளை மட்டும் பார்த்து ஏறியபோது காரணம் விளங்கியது.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது அந்தப் பன்னிரண்டு என்னும் எண்தான். உச்சிகளை எண்ணத் தொடங்கினால், திரும்ப வேண்டிய நேரத்தில் கால் திரும்பாது. (மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்த மார்ச் 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.) நானும் ஒருமுறை மாதம் ஓர் உச்சி என்று கணக்கு வைத்திருந்தேன். பத்தாவதாகச் சதுரகிரிக்குப் போனபோது, அடிவாரமான தாணிப்பாறையிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்தில் மேற்கே மேகம் திரண்டது. ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது, ஆனால் நிறம் மாறிக் கலங்கலாக வரத் தொடங்கியது. மேலே மழை பெய்து ஓடையில் வெள்ளம் வரலாம் என்று அஞ்சி, உடன் வந்த மைத்துனர் மேலே போகலாம் என்று எவ்வளவோ வற்புறுத்தியும் திரும்பிவிட்டேன். மழை பெய்யவே இல்லை. அவர் அதை இன்றுவரை குடும்ப விசேஷங்களில் சொல்லிக் காட்டுகிறார்.