வயிற்றைத் தேய்த்துவிட்டால் மலச்சிக்கல் தீருமா?

கேள்வி: அம்மா, என் மாமியாருக்கு 72 வயது. தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்து இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனதில் இருந்து பெரும்பாலும் கட்டிலில்தான். நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறார். வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண் வயிற்றைத் தேய்த்துவிடச் சொல்லித்தருகிறேன் என்கிறார். என் கணவரோ குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறார். செய்யலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: செய்யலாம் சகோதரி. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதமாகத் தேய்ப்பதால் குடல் முறுக்கிக்கொள்ளாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் தொடங்கி விலா வரை ஏறி, குறுக்கே இடப்பக்கம் போய், அங்கிருந்து கீழே இறங்கும். உங்கள் கையும் அதே வழியில்தான் போக வேண்டும். காலைச் சாப்பாடு முடிந்து அரைமணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும், அந்த அசைவுக்குக் கை துணை போகிறது. முதலில் சிறுநீர் கழித்துவிடட்டும். முழங்காலுக்கு அடியில் சின்னத் தலையணை போதும், காலை ரொம்ப மடக்க வேண்டாம்.

உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்து, கொஞ்சம் நல்லெண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். விரல் நுனியால் குத்தாமல், விரல்களைப் படியவைத்து மெதுவாக அழுத்தியபடி வலமிருந்து இடமாகச் சுற்றி வாருங்கள். கண் அவர் முகத்தின் மேலேயே இருக்கட்டும். புருவம் சுருங்கினால் அழுத்தம் அதிகம். இடது அடிவயிற்றில் சில நேரம் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். அங்கே அவசரப்படாமல் சின்னச் சின்ன வட்டமாகக் கீழ்நோக்கித் தேய்த்துவிடுங்கள். மொத்தம் பதினைந்து நிமிடம் போதும். வயிறு கடமுடவென்று சத்தம் போட்டு வாயு பிரிந்தால் நல்லது, மாமியார் கூச்சப்பட வேண்டாம்.

ஒரே நாளில் பலன் தெரியாது. ஸ்வீடனில் மலச்சிக்கல் உள்ள 60 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், 8 வாரம் மசாஜ் செய்தவர்களுக்கு வயிற்று உபாதை குறைந்தது, வெளிக்குப் போவதும் கூடியது. ஆனால் மலமிளக்கி மருந்தின் தேவை குறையவில்லை. அதனால் டாக்டர் கொடுத்த சிரப்பை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே எழுதித்தரப்படுவது உண்டு. மாற்ற முடியுமா என்று கேளுங்கள். டாய்லெட்டில் முக்காலி போட்டுக் காலை உயர்த்தி உட்காரச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அருமையான யோசனை. மூட்டு மாற்றிய உங்கள் மாமியாருக்கு இப்போது கூடாது, மூட்டு நழுவிவிடக்கூடும்.

வயிறு கல்லாக உப்பினாலோ, வாந்தி, காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடலிறக்கம் இருந்தாலோ தொடவே வேண்டாம். நாள்கணக்கில் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது பேதி என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் கசிவாக இருக்கலாம். டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் எட்டு மாதக் குழந்தை வாந்தி எடுத்தால், பக்கத்துத் தெருப் பாட்டியிடம் குடலேற்றம் தட்டிக்கொண்டு வருகிறோம். தவறா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள் தம்பி. இந்த வயதில் குடலின் ஒரு பகுதி பக்கத்துப் பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. குழந்தை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும், கொஞ்ச நேரம் ஓய்ந்து துவண்டு கிடக்கும், மறுபடி வீறிடும். வாந்தி பச்சையாக மாறும். ரத்தமும் சளியும் கலந்து மலம் போகும், அது வரும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்கேனில் இது தெரிந்துவிடும். சீக்கிரம் கொண்டுபோனால் ஆசனவாய் வழியே காற்றோ திரவமோ செலுத்தி, பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரிசெய்துவிடுவார்கள். தாமதித்தால் அந்தக் குடலே அழுகிவிடும்.

வயிற்றில் தட்டுவது, தலைகீழாகத் தூக்குவது எதுவும் வேண்டாம். சாதாரண வாந்தியாகத் தெரிந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தாமல் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். பச்சை வாந்தி என்றால் நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.