‘கேட்’டுக்கும் ‘சிட்டி’க்கும் மோனை உண்டா?

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு. ஆங்கிலத்தில் ‘அலிட்டரேஷன்’ (அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஓசையில் தொடங்குவது, நம் மோனை மாதிரி) வருகிற மாதிரி ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னார்கள். கேட் (பூனை), சிட்டி (நகரம்), சேர் (நாற்காலி) மூன்றும் ஆங்கில எழுத்து ‘சி’யில்தானே தொடங்குகின்றன என்று அவற்றை வைத்து எழுதிக்கொண்டு போனாள். தப்பு என்று சுழித்து அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அழுகை, எனக்குக் குழப்பம். எது சரி?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: திருத்தியது சரிதாங்க. ஆனால் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்க வேண்டும், குழந்தை அழுதிருக்க மாட்டாள். அலிட்டரேஷன் காதுக்கான விஷயம், ஸ்பெல்லிங் அதில் கணக்கே இல்லை. அந்த மூன்று சொல்லையும் மெதுவாக, வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘கேட்’ தொண்டைப் பக்கத்தில் பிறக்கிறது, ‘சிட்டி’ பல்லிடுக்கில் காற்றாக வருகிறது, ‘சேர்’ சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டிப் பிரிகிறது. எழுத்து ஒன்று, ஓசை மூன்று. ஆனால் கேட், கிச்சன், குவீன் என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். ஸ்பெல்லிங்கில் சி, கே, க்யூ என்று வெவ்வேறாக இருந்தாலும் காதில் விழுவது ஒரே ‘க்’. கத்திக்கு ‘நைஃப்’ என்கிறோமே, அதில் முன்னால் நிற்கிற கே வாயே திறப்பதில்லை, அதனால் அது ‘நைட்’, ‘நோஸ்’ கூடத்தான் சேரும்.

வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதானே, மோனை என்று சொல்லிக் கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வாள். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின்’ குறளின் முதல் அடியில் நான்கு சீரும் க-வில் தொடங்குகின்றன, முற்றுமோனை. ஒரு வித்தியாசம் உண்டு. நம் இலக்கணத்தில் மெய் ஒத்தால் மட்டும் போதாது, உயிரும் இனமாக இருக்க வேண்டும். க-வுக்கு கா, கை, கௌ சேரும், கி சேராது. ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை, கேட், கிச்சன், கோட் எல்லாம் ஓர் இனம்தான்.

பழைய ஆங்கிலத்தில் இது அலங்காரமாக இல்லை, அடியைக் கட்டி நிறுத்தியதே இதுதான். ஏறத்தாழ கி.பி. 1000-ஐ ஒட்டிய கைப்பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கிற ‘பேவுல்ஃப்’ காவியத்தில் ஓர் அடிக்கு நான்கு அழுத்தம் (அழுத்திச் சொல்லும் இடம்), நடுவே ஒரு நிறுத்தம். பின்பாதியின் முதல் அழுத்தத்தில் என்ன ஓசையோ, அது முன்பாதியில் ஓரிடத்திலாவது வந்தாக வேண்டும். உயிரோசையாக இருந்தால் எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரலாம். நாம் அ-வுக்கு ஆ, ஐ, ஔ என்று வரம்பு கட்டினோம், அவர்கள் மொத்தமாகத் திறந்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் மாலுமிப் பாட்டு, 1798-இல் வந்தது. ‘தி வைட் ஃபோம் ஃப்ளூ, தி ஃபரோ ஃபாலோட் ஃப்ரீ.’ வெண்ணுரை பறக்கிறது, கப்பல் உழுத சால் தடையில்லாமல் பின்னாலேயே வருகிறது. அந்த ‘ஃப்’ எல்லாம் காற்று ஊதுகிற சத்தம். அப்புறம் அவரே கப்பலில் போய்ப் பார்த்தார். கப்பலில் நிற்பவனுக்கு அந்தச் சால் பின்தொடர்வதாகத் தெரியாது, ஓடை போல விலகி ஓடுவதாகத்தான் தெரியும் என்று புரிந்துகொண்டு, 1817 பதிப்பில் ‘ஃபாலோட்’டை எடுத்துவிட்டு ‘ஸ்ட்ரீம்ட் ஆஃப்’ என்று திருத்தினார். கண்ணுக்கு அதுதான் சரி. ஆனால் பிந்தைய பதிப்பில் பழைய வரியே திரும்பி வந்துவிட்டது. அவருடைய காது அவரை விடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த இரண்டு வரியையும் மகளிடம் படித்துக் காட்டி எது பிடிக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: ஆங்கில நாக்குப்பிறழ்ச் சொற்றொடர்களும் இதே வகைதானா?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: பாதிதான். வெறும் ‘ப’ திரும்பத் திரும்ப வந்தால் நாக்கு இடறாது. 1813-இல் லண்டனில் அச்சான உச்சரிப்புப் புத்தகத்தில் வரும் ‘பீட்டர் பைப்பர்’ வரியில் ‘பிக்ட்’, ‘பெக்’, ‘பிக்கில்ட்’ என்று ப-வுக்கு அடுத்தடுத்து க-வும் வருகிறதே, அங்கேதான் சிக்கல். உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்தியில் சொல்கிற ‘கச்சா பாப்பட், பக்கா பாப்பட்’டும் அதே கதை, வேகமாக ஐந்து தடவை சொன்னால் க-வும் ப-வும் இடம் மாறிவிடும். ‘ஷி செல்ஸ் ஸீ ஷெல்ஸ்’ இன்னும் நுட்பம். முதல் ஜோடியில் ஷ, ஸ. அடுத்த ஜோடியில் ஸ, ஷ என்று தலைகீழ். நாக்கு பழைய வரிசையிலேயே போகப் பார்க்கும், வரி திரும்பியிருக்கும். நம் ‘யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை’யிலும் த, ச, ட மூன்றும் கிட்டக்கிட்ட நின்று இப்படித்தான் காலை வாருகின்றன.

கேள்வி: அலிட்டரேஷனை அதிகமாகப் போட்டால் நன்றாக இருக்குமா?
– வாசகர், டோம்பிவிலி

பதில்: திகட்டும். ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் கைத்தொழிலாளிகள் போடும் குட்டி நாடகத்தின் முன்னுரையில், கத்தியால் குத்திக்கொள்கிற ஒரு காட்சிக்கு ‘பிளேட்’, ‘பிளடி’, ‘பிளேம்ஃபுல்’, ‘பிரெஸ்ட்’ என்று ப-வாகவே ஷேக்ஸ்பியர் அடுக்குவார். சாவைச் சொல்லும் வரி, ஆனால் சபை சிரிக்கும்; சிரிக்க வேண்டும் என்றுதான் அவர் அப்படி எழுதினார்.