சரணடைந்தவரை விட்டுவிடுவது பெருந்தன்மையா?

அன்புள்ள அக்கா,

போர்ச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் 'ஓர் த கொம்பா' என்ற பிரெஞ்சுத் தொடர் வருகிறது. 'போர்க்களத்துக்கு வெளியே இருப்பவர்' என்று எழுதலாமா? சரணடைந்தவரை விட்டுவிடும் பெருந்தன்மையைத்தான் இது குறிக்கிறது என்று நினைக்கிறேன்.

ச.

அன்புள்ள தம்பி,

வேண்டாம். களத்தின் நட்டநடுவில் குண்டடிபட்டு நினைவிழந்து கிடப்பவரும் ஓர் த கொம்பாதான். 'சண்டையிலிருந்து விலகியவர்' என்று எழுதுங்கள். காயமா, நோயா, சிறையா, சரணா என்பதை அடுத்த வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் பெருந்தன்மை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கொஞ்ச நாளாக சோல்ஃபரினோ சண்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1859 ஜூன் 24, வடக்கு இத்தாலி. ஒரு பக்கம் பிரான்ஸும் சார்டீனியாவும், எதிரே ஆஸ்திரியா. வியாபார விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்க வந்த ஜெனீவாக்காரர் ஹென்றி துனான், பக்கத்து ஊரான காஸ்திலியோனேயில் காயம்பட்டவர்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்தார். அவரோடு சேர்ந்து உதவிய ஊர்ப் பெண்கள், யார் எந்தப் படை என்று பார்க்கவில்லை. 'எல்லோரும் சகோதரர்கள்' என்றார்கள். அது பெருந்தன்மை. அந்தப் பெண்களைக் கும்பிடலாம்.

சரி, அப்படிப்பட்ட பெண்கள் இல்லாத ஊரிலும் மனிதன் குண்டடிபட்டு விழுவானே? அவனுக்காகத்தான் 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை வந்தது. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் 3ஆம் பிரிவு உள்நாட்டுப் போரில் சண்டையிலிருந்து விலகியவர்களுக்கும் அடிப்படைப் பாதுகாப்பைத் தந்தது. எதிரியின் மனம் இளகுமா என்று காத்திருக்க வேண்டிய நிலையை இந்தச் சட்டங்கள் மாற்றின. அந்த உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையில் 41ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். பிடிபட்டவர்களைப் பின்னால் அழைத்துப்போக வழியில்லாத களம் என்று வையுங்கள். காவலுக்கு ஆளில்லை, வண்டியில்லை. அப்போதும் கொல்லக் கூடாது, விடுவிக்க வேண்டும். அதுவும் சும்மா விரட்டிவிடக் கூடாது; அவர்கள் பத்திரமாக இருக்க முடிந்த ஏற்பாடெல்லாம் செய்ய வேண்டும். தன்னை நேற்றுவரை சுட்டவனுக்கு ஒரு சிப்பாய் இதைச் செய்தாக வேண்டும். அவனுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

திரும்பத் தாக்கினாலோ தப்ப முயன்றாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும். அதையும் ஒரு வரியில் சேருங்கள்.

பெருந்தன்மை என்று எழுதிவிட்டால், சரணடைந்தவரைச் சுட்டவனை 'இரக்கமில்லாதவன்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அவன் செய்தது போர்க்குற்றம். அந்தச் சொல் உங்கள் செய்தியில் தெளிவாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் அனுப்புங்கள் தம்பி, அச்சுக்குப் போகுமுன் நானும் ஒருமுறை படிக்கிறேன்.